மர அம்புத் தண்டுக்கு என்ன பூசலாம்? நம் ஊர் ஈரத்தில் ஐந்து பூச்சுகளின் ஒப்பீடு

மரத் தண்டைச் சீவி, நேராக்கி, உப்புத்தாள் போட்டு முடித்தவர்கள் எல்லாரும் அடுத்து வந்து நிற்பது ஒரே இடத்தில்தான். ஹார்ட்வேர் கடையில் ஓர் அலமாரி முழுக்க டின்கள்: வார்னிஷ், லேக்கர், ஆளிவிதை எண்ணெய், தண்ணீரில் கலக்கும் பூச்சு. எதைக் கேட்டாலும் ஈரம் தாங்கும் என்றுதான் கடைக்காரர் சொல்வார். இணையத்தில் தேடினால் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அம்பு செய்கிறவர்கள் எழுதியவை. அவர்களுக்கு ஈரம் என்றால் வெளியே போகும்போது பெய்கிற மழை. மலேசியாவில், பெஸ்தாரி ஜெயாவில் இருக்கும் எனக்கும், சுங்கை சிப்புட்டிலோ பாகான் செராயிலோ கூலிமிலோ இருக்கும் உங்களுக்கும் மூச்சுவிடும் காற்றே ஈரம்.

அதனால் அங்கே நல்ல பேர் வாங்கிய பூச்சு இங்கே காயாமல் பிசுபிசுக்கும்; அங்கே யாரும் பேசாத விஷயம் இங்கே பெரிய தலைவலியாகும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு டஜன், இரண்டு டஜன் அம்பு செய்கிறவருக்கு எண்ணெய் சார்ந்த பாலியூரித்தேன் வார்னிஷ்தான் சரி. அதைத் துணியால் துடைத்து, மெல்லிசாக, மூன்று தடவை பூச வேண்டும். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு செய்கிறவருக்கு அது ஆகாது; நாளைக்கே அம்பு வேண்டும் என்பவருக்கும் ஆகாது. யாருக்கு எது, ஏன் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

## ஈரம் தண்டை என்ன செய்கிறது

சுற்றியிருக்கும் காற்றோடு சமநிலைக்கு வரும் வரை மரம் ஈரத்தை இழுக்கும், அல்லது விடும். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால் மரத்துக்குள் ஏறக்குறைய 9 விழுக்காடு ஈரம் தங்கும். 65 என்றால் 12. 80 என்றால் 16. எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் சிலாங்கூர் ஆறு, இன்னொரு பக்கம் ராஜா மூசா சதுப்பு நிலக் காடு. விடிகாலையில் செம்பனை வரிசைகளுக்குள் பனி இறங்கி நிற்கும்போது காற்றின் ஈரப்பதம் 90-ஐத் தாண்டிவிடும். மதிய வெயிலில் 60-க்குப் பக்கத்தில் இறங்கும். மாலையில் மழை வந்தால் மறுபடி ஏறும். குளிரூட்டிய அறையில் 10 விழுக்காடு ஈரத்தோடு இருந்த தண்டு, திறந்த வராந்தாவில் சில வாரம் கிடந்தால் 16-க்கு வந்து நிற்கும்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். 10 விழுக்காடு ஈரத்தில் 25 கிராம் எடையுள்ள தண்டு 16 விழுக்காட்டுக்குப் போனால் சுமார் 1.4 கிராம் கூடும். அம்பு எடையைக் கணக்கிடும் கிரெயின் அளவில் 20-க்கும் மேல். எடை கூடுவதோடு மரம் இளகவும் செய்யும். வில்லாளிகள் ஸ்பைன் என்று சொல்லும் விறைப்பு குறையும். ஒரு டஜன் அம்பும் ஒரே மாதிரி மாறினால் குறியைக் கொஞ்சம் நகர்த்திச் சமாளிக்கலாம். அப்படி நடப்பதில்லை. ஒரு தண்டின் ரேகை நேராக ஓடும், இன்னொன்றில் சாய்ந்து வெளியேறும்; ஒன்றில் பூச்சு தடிப்பு, இன்னொன்றில் மெல்லிசு. ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் ஈரம் குடிக்கும். நேற்று ஒரே இடத்தில் தைத்த அம்புகள் இன்று ஆளுக்கொரு திசையில் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரும்பு முனைக்குள் நடப்பது இன்னொன்று. ஈரத்தில் மரம் உப்பப் பார்க்கும், இரும்பு இடம் தராது, உள்ளே மரநார் நசுங்கும். பிறகு காய்ந்து சுருங்கும்போது பழைய அளவுக்கு வராமல் இன்னும் ஒல்லியாகிவிடும். முனை ஆடத் தொடங்கும். பசை சரியில்லை என்று பலர் நினைப்பது இதைத்தான்.

எந்தப் பூச்சும் ஈரக்காற்றை முழுசாக நிறுத்தாது. அது செய்வதெல்லாம் தாமதப்படுத்துவதுதான். நல்ல பூச்சு இருந்தால் காலைப் பனிக்கும் மதிய வெயிலுக்கும் இடையில் நடக்கும் ஏற்ற இறக்கம் தண்டுக்குள் எட்டுவதற்குள் நாள் முடிந்துவிடும். நமக்கு வேண்டியதும் அதுவே.

## எதையெல்லாம் வைத்து எடை போடுவது

முதலாவது, ஈரக்காற்றைத் தாமதிக்கும் திறன். மழைத்துளி உருண்டு ஓடுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். தண்ணீரை உருட்டிவிடும் பூச்சு ஈரக்காற்றைத் தாராளமாக உள்ளே விடக்கூடும்.

இரண்டாவது, நம் காற்றில் அது ஒழுங்காகக் காயுமா என்பது. என்னைப் பொறுத்தவரை இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். டின்னில் எழுதியிருக்கும் காயும் நேரம் நம் ஊர்க் காற்றை வைத்துச் சொன்னது அல்ல.

மூன்றாவது, அது ஏற்றும் எடை. 80 செண்டிமீட்டர் நீளம், 11/32 அங்குலக் கனம் உள்ள தண்டின் மேற்பரப்பு சுமார் 219 சதுர செண்டிமீட்டர். காய்ந்தபின் 0.05 மில்லிமீட்டர் தடிப்பு நிற்கும் பூச்சு அதன்மேல் ஏறக்குறைய 1.2 கிராம் ஏற்றும். எடை ஏறுவது பிரச்சினை இல்லை, தண்டுக்குத் தண்டு வேறுபடாமல் இருந்தால் போதும்.

அப்புறம் இறகு ஒட்டும் பசை அதன்மேல் பிடிக்குமா, கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா, புகையும் தீயும் எவ்வளவு ஆபத்து, மிச்சப் பூச்சு எத்தனை நாள் தாங்கும் என்பவை. விலையைக் கடைசியில் வைக்கிறேன். டின்னின் விலை பெரும்பாலும் உண்மையான செலவு இல்லை.

## பூசுவதற்கு முன்னால் தண்டு காய்ந்திருக்க வேண்டும்

ஈரமான மரத்தின்மேல் நல்ல பூச்சைப் போட்டால் ஈரத்தை உள்ளேயே வைத்துப் பூட்டியதாக ஆகும். எந்த டின்னை வாங்கினாலும் இதில் மாற்றமில்லை, ஆகவே இதைச் சொல்லாமல் ஒப்பீட்டுக்குள் போக முடியாது.

நகைக்கடைத் தராசு போல 0.1 கிராம் காட்டும் சின்ன மின் தராசு ஒன்று இணையத்தில் மலிவாகக் கிடைக்கும். தண்டுகளுக்குப் பென்சிலால் எண் போட்டு, குளிரூட்டி ஓடும் படுக்கையறையில் நிற்கவையுங்கள். குளிரூட்டி இல்லையென்றால் காற்றுப் புகாத நீளமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று தண்டுகளை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்கிக்கொண்டே வந்து ஒரு நாள் நின்றுவிடும். அதற்கு மறுநாள் நேராக்கும் வேலையை முடித்துவிட்டு, அன்றைக்கே முதல் பூச்சைப் போடுங்கள். தண்டை வெயிலில் போட்டுக் காயவைப்பது வேண்டாம். வெயில் பட்ட பக்கம் முதலில் சுருங்கித் தண்டு வளையும்.

மரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நம் பக்கம் சுலபமாகக் கிடைப்பது ரப்பர் மரத்தில் கடைந்த உருளைக் கம்புகள். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். நீலக்கறைப் பூஞ்சையும் பொடிவண்டும் சீக்கிரம் வரும். அதனால்தான் மரக்கட்டை ஆலைகளில் அதற்கு போரான் மருந்து ஏற்றுகிறார்கள். பூச்சு மரத்தின் துவாரங்களை அடைத்து வண்டு புதிதாக முட்டையிடாமல் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுவை அது ஒன்றும் செய்யாது. கம்பில் ஊசித் துளையும் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் அந்தக் கம்பை அம்புக்கு எடுக்காதீர்கள். பழைய கடைகளில் ராமின் கம்புகள் இன்னும் கிடைப்பதுண்டு. ரேகை நேரானது, தண்டுக்கு நல்ல மரம். சதுப்புக் காட்டு மரமான அது, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 2005 முதல் இருக்கிறது. அதில் செய்த அம்புகளை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தால் அனுமதி பற்றி முதலில் விசாரியுங்கள்.

## ஆளிவிதை எண்ணெய், டங் மர விதை எண்ணெய்

துணியில் நனைத்துத் தேய்த்தால் மரத்தின் ரேகை பளிச்சென்று எழும். தூரிகை வேண்டாம், வழிசல் வராது, கைக்கும் இதமான வேலை. முதல்முறை செய்கிறவர்கள் இதில் மயங்குவது இயல்புதான்.

ஆனால் ஈரக்காற்றைத் தடுக்கும் விஷயத்தில் இந்த ஒப்பீட்டிலேயே கடைசி இடம் இதற்குத்தான். எண்ணெய் மரத்துக்குள் இறங்கி நிற்கிறதே தவிர, மேலே ஒரு தோலாகப் படிவதில்லை. தண்ணீர் உருண்டு ஓடும்; ஈரக்காற்று மட்டும் தங்குதடையில்லாமல் போய்வரும். மூன்று கை பூசினாலும் சில நாளில் தண்டு வெறும் மரத்தின் அளவுக்கே ஈரம் ஏறிவிடும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, பூஞ்சை. உலர்த்தி சேர்க்காத பச்சை ஆளிவிதை எண்ணெய் நம் காற்றில் வாரக்கணக்கில் காயாமல் இருக்கும். அதற்குள் கறுப்புப் புள்ளிகள் வந்துவிடும், ஏனென்றால் எண்ணெயே பூஞ்சைக்குத் தீனி. வாங்குவதென்றால் உலர்த்தி சேர்த்த வகையை வாங்குங்கள்.

இரண்டாவது, தீ. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது காற்றோடு வினைபுரிந்து தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே, மரச்சுவர் லயத்து வீட்டில், மதிய வெக்கையில் அந்தத் துணி எப்படிக் கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேலை முடிந்த கையோடு துணியை வெளியே ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த டின்னில் அமுக்கி வையுங்கள்.

சரி, யாருக்கு இது நல்லது? அம்புகளைக் குளிரூட்டிய அறையில் வைத்திருந்து எப்போதாவது எடுப்பவருக்கு. பார்வைக்கு வைக்க அம்பு செய்பவருக்கு. எண்ணெயை முதல் கையாகப் போட்டு, நன்றாகக் காயவிட்டு, மேலே வார்னிஷ் போடப் பொறுமை உள்ளவருக்கு.

## அரக்கு

கடைகளில் ஷெல்லாக் என்று கேட்க வேண்டும். இந்தியாவிலும் தாய்லாந்திலும் அரக்குப்பூச்சியிடமிருந்து எடுக்கும் பிசினைச் சீவல்களாக விற்கிறார்கள். அதை ஆல்கஹால் ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைத்துப் பூச வேண்டும். சில நிமிடங்களில் தொட முடிகிற அளவுக்குக் காயும். காலையில் தொடங்கினால் மதியத்துக்குள் நான்கைந்து கை போட்டுவிடலாம். ஈரக்காற்றைத் தடுப்பதில் கையால் பூசும் பூச்சுகளில் முன்வரிசையில் இருப்பது. கீறல் விழுந்த இடத்தில் ஸ்பிரிட் தொட்ட துணியால் தேய்த்தால் பழைய பூச்சும் புதுப் பூச்சும் ஒன்றாகக் கலந்துவிடும். இந்த வசதி வார்னிஷில் கிடையாது.

இதன் பலவீனம் தண்ணீர். மழையில் நனைந்த புல்லில் அம்பு வெகுநேரம் கிடந்தால் வெள்ளைத் திட்டு விழும். மழை நாளில் பூசினாலும் அப்படியே வெளுக்கும்: ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அங்கேயே நீராகப் படிந்துவிடும்.

கரைத்த அரக்குக்கு ஆயுளும் குறைவு. ஆறு மாதம் என்பார்கள்; நம் வெக்கையில் அதைவிடக் குறைவாகவே கணக்கு வையுங்கள். பழையது காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு மறுநாள் நகத்தால் அழுத்திப் பாருங்கள், பதிந்தால் கொட்டிவிடுங்கள். ஆகையால் வேண்டிய அளவு மட்டும் கரைப்பதுதான் சிக்கனம். சீவல்கள் சின்ன ஊர்க் கடைகளில் கிடைப்பது அபூர்வம், அஞ்சலில்தான் வரவழைக்க வேண்டியிருக்கும்.

இதை நான் தனிப் பூச்சாகப் பரிந்துரைப்பதைவிட அடிப்பூச்சாகவே பரிந்துரைப்பேன். சில வெப்பமண்டல மரங்களின் இயற்கை எண்ணெய், மேலே போடும் வார்னிஷைக் காயவிடாது. நடுவில் ஒரு கை அரக்கு இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. மெழுகு நீக்கிய அரக்கைக் கேட்டு வாங்குங்கள். மெழுகு உள்ளதன்மேல் பாலியூரித்தேன் பிடிக்காது, தோல் தோலாக உரியும்.

## நைட்ரோ லேக்கர்

அம்பு செய்கிறவர்களின் பழைய பழக்கம் இது. நீளக் குழாயில் லேக்கரை ஊற்றி, தண்டை முக்கி எடுத்துத் தொங்கவிடுவார்கள். சீக்கிரம் காயும், ஒரு கைக்கு மேல் அடுத்த கை உருகி ஒட்டிக்கொள்ளும், இறகுப் பசையும் நன்றாகப் பிடிக்கும். ஒரே நாளில் டஜன் கணக்கில் செய்கிறவருக்கு இதற்கு ஈடில்லை.

அவர் வானத்தைப் பார்த்து வேலை செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அரக்கு வெளுப்பதற்குச் சொன்ன அதே காரணம் இங்கே இன்னும் பலமாக வேலை செய்யும். மேற்குக் கரையில் ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும் பெரும்பாலான நாள் மாலையில் மழை. காலைப் பனி விலகிய பிறகு, மேகம் கூடுவதற்கு முன்னால், பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் கிடைக்கும் நேரம்தான் லேக்கருக்கு உகந்தது. ஆவியாவதை மெதுவாக்கும் தின்னர் தனியாகக் கிடைக்கிறது. கொஞ்சம் கலந்தால் வெளுப்பது குறையும்.

செலவைப் பார்ப்போம். 90 செண்டிமீட்டர் நீளம், 2 செண்டிமீட்டர் உள்விட்டம் உள்ள பிவிசி குழாயை நிரப்ப 280 மில்லிலிட்டர் வேண்டும். ஆனால் ஒரு டஜன் தண்டின் மொத்த மேற்பரப்பு கால் சதுர மீட்டர்தான். துடைத்துப் பூசினால் ஒரு கைக்கு 30 மில்லிலிட்டர் தாராளம். முக்குவதற்கென்று ஊற்றியதில் பெரும்பகுதி குழாயிலேயே நிற்கும். மூடி சரியில்லையென்றால் கெட்டியாகிவிடும். தெளிப்பு டின் இன்னும் மோசம். ஒரு விரல் கனம்கூட இல்லாத கம்பின்மேல் தெளித்தால் பாதிக்கு மேல் காற்றோடு போகும்.

புகையும் கடுமை, தீயும் சீக்கிரம் பற்றும். சமையலறை பக்கத்தில் வேண்டாம், பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். வருடம் போகப் போக இந்தப் பூச்சு இறுகி நொறுங்கும் தன்மைக்கு வரும். ஒவ்வொரு எய்தலிலும் வளைந்து நிமிரும் தண்டில் மயிரிழை வெடிப்புகள் தெரியத் தொடங்கும். வெடிப்பு பூச்சிலா மரத்திலா என்று சந்தேகம் வந்தால் அந்த அம்பை எய்யாதீர்கள்.

## எண்ணெய் சார்ந்த பாலியூரித்தேன் வார்னிஷ்

இதன் குறைகளிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாம் கண்ணுக்கு நேராகத் தெரிபவை. மெதுவாகக் காயும். டின்னில் ஆறு மணி நேரம் என்றிருந்தால் நீங்கள் ஓர் இரவு முழுக்க விடுங்கள். மழைக்காலத்தில் ஒரு நாள். அடுத்த கை போடும் முன் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். மழை விட்ட அந்திகளில் விளக்கைத் தேடி வரும் ஈசல், ஈர வார்னிஷில் சிறகோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே மாலையில் பூசாதீர்கள், பூசினால் விளக்கை அணைத்துக் கதவை மூடிவிடுங்கள். திறந்த டின்னில் மேலே ஆடை படியும். வாங்கிய அன்றே சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் விளிம்பு வரை ஊற்றி மூடிவைத்தால் அந்த நட்டம் இல்லை.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டால் கிடைப்பது நம் காற்றுக்கு நன்றாகப் பொருந்தும் தோல். மூன்று மெல்லிய கை போட்டால் ஈரக்காற்றை நன்றாகத் தாமதிக்கும். மழைத் தண்ணீருக்கு அசையாது. கற்கள் நிறைந்த திடலில் வழுக்கிப் போனாலும், வைக்கோல் இலக்கில் திரும்பத் திரும்பத் தைத்தாலும் சுலபத்தில் உரியாது. முக்கியமாக, ஈரமான நாளில் பூசினாலும் வெளுக்காது. தாமதமாகக் காயும், அவ்வளவே. லேக்கருக்கு நல்ல நேரம் பார்க்க வேண்டும், இதற்குப் பொறுமை மட்டும் போதும்.

பூசும் முறை: பளபளப்பான வகையை வாங்குங்கள், அதில்தான் மரத்தின் வெடிப்பு தெளிவாகத் தெரியும். பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து, நூல் உதிராத பழைய பனியன் துணியை நான்காக மடித்து நனைத்து, தண்டைச் சுற்றிப் பிடித்து ஒரே இழுப்பாக இழுங்கள். இன்னும் சீராக வேண்டுமானால் பழைய சைக்கிள் டியூபில் ஒரு சதுரம் வெட்டி, தண்டைவிடச் சற்றுச் சின்னதாக ஓட்டை போடுங்கள். வார்னிஷ் தடவிய தண்டை அதன் வழியே மெதுவாக உருவினால் மிச்சமெல்லாம் ரப்பர் உதட்டில் நின்றுவிடும். தண்டின்மேல் தலையிலிருந்து கால்வரை ஒரே தடிப்பு. டஜனுக்குள் எடை வித்தியாசத்தைக் குறைக்க இதைவிட மலிவான கருவி எனக்குத் தெரியாது. பிறகு கொடியில் துணிக்கிளிப்பு போட்டுத் தொங்கவிடுங்கள். இந்தத் துணியையும் எண்ணெய்த் துணி போலவே விரித்துக் காயப்போட வேண்டும்.

இறகு ஒட்ட அவசரப்படாதீர்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே இறுக இரண்டு வாரம் பிடிக்கும். வழவழப்பான வார்னிஷின்மேல் சில பசைகள் பிடிக்காமல் இறகு பட்டையாகப் பெயர்ந்து வரும். இறகு உட்காரும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் மங்கலாக்கிவிட்டு ஒட்டுங்கள்.

## தண்ணீரில் கலக்கும் பாலியூரித்தேன்

நாற்றம் குறைவு, துணி தானாகத் தீப்பிடிக்காது, தூரிகையைக் குழாய்த் தண்ணீரில் கழுவலாம். தமிழ்ப்பள்ளி வில்வித்தைக் கழகம் ஒன்றில் ஆசிரியர் பிள்ளைகளோடு உட்கார்ந்து பூசுகிறார் என்றால் வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

பாடுபட்டுக் காயவைத்த மரத்தின்மேல் முதல் கையிலேயே தண்ணீரைத் தடவுகிறோம் என்பதுதான் இடிக்கிறது. மரநார் முள்ளாக எழும், மறுபடி தேய்க்க வேண்டும். முதலில் ஒரு கை அரக்கு போட்டுவிட்டால் இரண்டு தொல்லையும் தீரும். காற்றே ஈரமாக இருக்கும் நாளில் பூச்சில் உள்ள தண்ணீர் போக இடமில்லாமல் பால் நிறத்திலேயே நிற்கும். மின்விசிறியை ஓடவிடுங்கள், மழை நாளைத் தவிருங்கள். ஈரக்காற்றைத் தடுப்பதில் எண்ணெய் வார்னிஷுக்கு ஒரு படி கீழேதான், ஒரு கை கூடுதலாகப் போட்டு ஈடுகட்டலாம்.

## ஒரே பார்வையில்

| பூச்சு | ஈரக்காற்று | மழைத் தண்ணீர் | நம் காற்றில் காய்வது | இறகுப் பசை | கீறலைச் சரிசெய்வது |
|---|---|---|---|---|---|
| ஆளிவிதை, டங் எண்ணெய் | மிகக் குறைவு | சுமார் | மிக மெதுவு, பூஞ்சை வரும் | முழுசாகக் காய்ந்தால்தான் | மிகச் சுலபம் |
| அரக்கு | மிக நன்று | வெள்ளைத் திட்டு | வேகம். மழை நாளில் வெளுக்கும் | நன்று | மிகச் சுலபம் |
| நைட்ரோ லேக்கர் | நன்று | நன்று | வேகம். மழை நாளில் வெளுக்கும் | மிக நன்று | சுலபம் |
| எண்ணெய் பாலியூரித்தேன் | நன்று | மிக நன்று | மெதுவு, ஆனால் வெளுக்காது | தேய்த்துவிட்டு ஒட்டினால் நன்று | கடினம் |
| தண்ணீர் பாலியூரித்தேன் | சுமார் | நன்று | வெயில் நாளில் சரி | தேய்த்துவிட்டு ஒட்டினால் நன்று | கடினம் |

மெழுகை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. தேன்மெழுகோ பாரபினோ தனியாக வைத்தால் அதன்மேல் இறகு ஒட்டவே ஒட்டாது. வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டிக்குள் பாரபின் இளகிவிடும். ஆனால் வார்னிஷ் முழுசாக இறுகிய பிறகு, இறகு இருக்கும் பகுதியை விட்டுவிட்டு, முன்பாதியில் லேசாக மெழுகு தேய்த்தால் நுரை இலக்கிலிருந்து அம்பை உருவுவது சுலபமாகும்.

மூங்கில் தண்டு வைத்திருப்பவர்கள் மேல்தோலைச் சீவாமல் விட்டிருந்தால் முழுத் தண்டுக்கும் தடிப்பாகப் பூச வேண்டியதில்லை. அந்தத் தோலே பாதிக் காவல். கணுக்களையும் இரண்டு நுனிகளையும் மட்டும் நன்றாக அடையுங்கள்.

## யார் எதை எடுக்கலாம்

வாரம் ஒருமுறை திடலுக்குப் போய், மற்ற நாளெல்லாம் அம்பை வராந்தாவிலோ அறை மூலையிலோ வைப்பவர் எண்ணெய் பாலியூரித்தேனை எடுக்கட்டும். கொஞ்சம் கூடுதல் உழைப்புக்குத் தயார் என்றால் அடியில் ஒரு கை மெழுகு நீக்கிய அரக்கு, மேலே இரண்டு கை வார்னிஷ். போட்டிக்கு அம்பு செய்கிறவருக்கு நான் சொல்வது இந்தக் கூட்டைத்தான். போட்டி நடக்கும் ஊரில் குளிரூட்டிய அறை, வெயில் திடல், மழை என்று ஒரே நாளில் மூன்று காற்றையும் அந்தத் தண்டு பார்க்கும்.

விற்பதற்காக மொத்தமாகச் செய்கிறவருக்குக் காற்றோட்டமான கொட்டகையும் வெயில் நாளும் இருந்தால் லேக்கர். பள்ளிக்குத் தண்ணீர் பாலியூரித்தேன். இந்த வாரக் கடைசிக்கே அம்பு வேண்டும் என்பவருக்கு அரக்கு. மழை வந்தால் மட்டும் அம்பை உடனே துடைக்க வேண்டும். எண்ணெய் மட்டும் போட்ட தண்டை நம் ஊரில் தினசரிப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ள நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், அழகு எவ்வளவு இருந்தாலும்.

## நுனிகள்

எந்தப் பூச்சை எடுத்தாலும் நுனியை விட்டுவிட்டால் பாதி வேலை வீண். மரத்தின் குறுக்கு வெட்டு முகம் பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக ஈரம் இழுக்கும்.

முனை மாட்டும் கூம்பில் தடிப்பான பூச்சு வேண்டாம். அளவு கூடி முனை நேராக உட்காராது. வெறும் மரத்தில் பசை வைத்து முனையை மாட்டி, பிறகு இரும்பும் மரமும் சேரும் விளிம்பைச் சுற்றி வார்னிஷை ஒரு கோடாக ஓடவிடுங்கள். பின்முனையில் நாண் உட்காரும் காடியை மரத்திலேயே வெட்டியிருந்தால் அந்தக் காடியின் அடியும் இரண்டு உதடுகளும் குறுக்கு வெட்டு முகம்தான். மிக நீர்த்த சூப்பர் குளூவை இரண்டு சொட்டு விட்டால் கண் முன்னாலேயே உறிஞ்சிக்கொள்ளும். நம் ஈரக்காற்றில் அது இன்னும் சீக்கிரம் இறுகும். வழிந்ததைப் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள், அந்தப் பசை பருத்தியோடு சேர்ந்தால் கையைச் சுடும் அளவுக்குச் சூடேறும். பிளாஸ்டிக் காடி மாட்டுகிறவர்கள் அது உட்காரும் கூம்பை ஒரே ஒரு மெல்லிய கை பூசிவிட்டு ஒட்டினால் போதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று இன்னும் மனம் ஆடினால் வெட்டிப் போட்ட தண்டுத் துண்டுகளை ஒரே நீளத்துக்கு அறுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பூச்சை நுனி உட்பட முழுசாகப் போடுங்கள். ஒன்றை வெறுமையாக விடுங்கள். எல்லாம் இறுகிய பிறகு நிறுத்து எழுதிக்கொண்டு, ஈரத் துணி விரித்த டப்பாவில், துணியைத் தொடாதபடி கம்பி வலைமேல் வைத்து மூடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி நிறுத்தால், உங்கள் மரத்தில், உங்கள் கையால் போட்ட பூச்சு எவ்வளவு தடுக்கிறது என்று தராசே காட்டும். அதே துண்டுகளில் இறகு ஒன்றை ஒட்டி மறுநாள் பிய்த்துப் பாருங்கள். இறகின் தண்டு கிழிந்து பாதி மரத்திலேயே நின்றால் பசையும் பூச்சும் ஒத்துப்போகின்றன. சுத்தமாகப் பெயர்ந்து கையோடு வந்தால் பசையை மாற்றுங்கள், அல்லது அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள்.